ஒரு போர்க்களம், இரண்டு கைடுகள்

டெல்லி செங்கோட்டையில் கைடுகளுக்குப் பஞ்சமில்லை. ஷாஜகான் எங்கே அமர்ந்தார், மயிலாசனம் எங்கே இருந்தது, நாதிர் ஷா அதை எப்படி அள்ளிக்கொண்டு போனார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் 1945 நவம்பர் 5ஆம் தேதி இதே கோட்டைக்குள் இன்னொரு நாடகம் தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் ஷெகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்ற மூன்று இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். நாடே கொந்தளித்தது. ஆயுள் தண்டனை விதித்த பிரிட்டிஷ் அரசே சில நாட்களில் அதை ரத்து செய்து மூவரையும் விடுவித்தது. அந்த விசாரணை எந்தக் கட்டடத்தில் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். மொகலாய அரசர்களின் பிறந்த தேதிகளைக்கூடச் சொல்லத் தெரிந்தவர் கொஞ்சம் யோசிப்பார். 2019இல் கோட்டைக்குள் நேதாஜி பற்றிய அருங்காட்சியகம் திறந்த பிறகும், பல சுற்றுலாக்காரர்களின் செங்கோட்டை மொகலாயர்களோடு முடிந்துவிடுகிறது.

நம் நாட்டில் பயணம் செய்கிறவர்கள் மெல்ல மெல்லப் புரிந்துகொள்ளும் விஷயம் இது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ராஜாவைப் பற்றிச் சொல்ல ஊருக்கு ஊர் ஆள் உண்டு. நம் தாத்தா வாழ்ந்த காலத்தில் நடந்த யுத்தத்தையும் அரசியலையும் சொல்ல ஆள் கிடைப்பதுதான் அரிது.

கைடுகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் அமைப்பே அப்படி. பழம்பெரும் சின்னங்கள் பற்றிய 1958ஆம் வருடச் சட்டம், ஒரு கட்டடமோ இடமோ 'தொன்மையானது' என்ற தகுதி பெறக் குறைந்தது 100 வயதாகியிருக்க வேண்டும் என்கிறது. 1944இல் குண்டு விழுந்த மலைக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. தொல்லியல் துறையின் நீலப் பலகை இல்லாத இடத்துக்கு டூரிஸ்ட் பஸ் போகாது. பஸ் போகாத இடத்தில் கைடுக்குப் பிழைப்பு இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. முகமது பின் துக்ளக்கைப் பற்றி என்ன சொன்னாலும் அவருடைய பேரன் வந்து சட்டையைப் பிடிக்கப் போவதில்லை. 1944ஐப் பற்றியோ 1984ஐப் பற்றியோ பேசினால் கேட்பவர் கூட்டத்திலேயே யாராவது முகம் சிவக்கலாம். 'எதற்கு வம்பு?' என்று ஒரு கைடு நினைத்தால் அதைத் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் நவீன வரலாற்றுக்குத்தான் கைடு அதிகம் தேவை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு யார் துணையும் இல்லாமல் போனாலும், அந்த விமானமே நின்று பேசும். போர்க்களம் பேசாது. புல் முளைத்துவிடும். மேடு மேடாகவே இருக்கும். நாகாலாந்தில் கோஹிமா நகரின் நடுவே உள்ள கேரிசன் ஹில் அப்படிப்பட்ட இடம். அடுக்கடுக்காகச் செதுக்கிய புல்வெளி, வரிசையாகக் கல்லறைகள், ரோஜாச் செடிகள். மேல் அடுக்கு ஒன்றில் வெள்ளைக் கோடுகள் தெரியும். பத்து நிமிடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம்.

அந்த வெள்ளைக் கோடுகள் ஒரு டென்னிஸ் மைதானத்தின் எல்லைகள். பிரிட்டிஷ் துணைக் கமிஷனரின் பங்களாவைச் சேர்ந்தது. 1944 ஏப்ரலில் அந்த மைதானத்தின் ஒரு பக்கம் பிரிட்டிஷ் - இந்தியப் படை, மறுபக்கம் ஜப்பானியப் படை. நடுவில் இருந்த தூரம் கையால் எறியும் குண்டு போய் விழுகிற தூரம். சுமார் 1,500 வீரர்கள், ஜெனரல் சாட்டோவின் 12,000 பேருக்கு மேற்பட்ட டிவிஷனை இரண்டு வாரம் தடுத்து நிறுத்தினார்கள். குடிதண்ணீரை விமானத்திலிருந்து போட வேண்டியிருந்தது. இன்று அங்கே 1,420 கல்லறைகள் இருக்கின்றன. தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் மேலே தனி நினைவுச் சின்னத்தில் உள்ளன. 2013இல் லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் பிரிட்டனின் மிகப் பெரிய போர் எது என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, வாட்டர்லூவைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பெற்றது இம்பால் - கோஹிமா போர். இதையெல்லாம் சொல்ல ஒரு வாய் இல்லாவிட்டால், அது வெறும் அழகான பூங்கா.

வெளிநாடுகளில் இந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. பெர்லினில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்ட நிலவறை இருந்த இடம் இன்று குடியிருப்புகளை ஒட்டிய கார் நிறுத்துமிடம். அங்கே நினைவு மண்டபம் கட்டினால் தவறான ஆட்கள் மலர் வைக்க வருவார்கள் என்ற அச்சம். அதற்காக மறைத்தும் வைக்கவில்லை. 2006இல் ஒரு விளக்கப் பலகை வைத்தார்கள். நடைப்பயணக் குழுக்கள் தினமும் அங்கே நின்று கேள்வி கேட்கின்றன. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர்கள் முதுமையால் குறைந்துகொண்டே போவதைப் பார்த்த நகர நிர்வாகம், 2012 முதல் அடுத்த தலைமுறையினரைத் தேர்ந்தெடுத்து, ஒருவரின் அனுபவத்தை இன்னொருவர் கற்றுக்கொண்டு பார்வையாளர்களுக்குச் சொல்லப் பயிற்சி தருகிறது. தென்னாப்பிரிக்காவில் மண்டேலா 18 வருடம் அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறையைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு, அங்கேயே கைதிகளாக இருந்தவர்களுக்குத் தரப்பட்டது.

எல்லாவற்றையும்விட யோசிக்க வைப்பது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். 1998 உடன்படிக்கைக்கு முந்திய முப்பது வருடங்களில் 3,500 பேருக்கு மேல் பலிகொண்ட மோதல் அது. அங்கே கத்தோலிக்கர்கள் வாழும் ஃபால்ஸ் ரோடு பகுதியை ஐரிஷ் குடியரசு இயக்கத்தின் முன்னாள் கைதி ஒருவர் சுற்றிக்காட்டுவார். இரு சமூகத்தையும் பிரிக்கும் உயரமான சுவரின் வாசல் வரை வந்து நின்றுவிடுவார். மறுபக்கம் பிரிட்டனுக்கு விசுவாசமான தரப்பின் முன்னாள் கைதி காத்திருப்பார். அங்கிருந்து ஷாங்கில் ரோடு முழுவதும் அவர் பொறுப்பு. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் சுடத் தயாராக இருந்தவர்கள். இன்றும் ஒருவர் கதையை மற்றவர் ஏற்பதில்லை. ஆனால் பயணியை மட்டும் பத்திரமாகக் கைமாற்றிக்கொள்கிறார்கள். யார் சொன்னது சரி என்று தீர்மானிப்பது கேட்டவர் பாடு.

நடுநிலையான கைடு என்று ஒருவரைத் தேடி அலைவதைவிட இது நல்ல வழி. நவீன வரலாற்றில் நடுநிலை கிடைப்பது கஷ்டம். இரண்டு பக்கம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

நம் நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க அருமையான ஒரு கேள்வி இருக்கிறது. நேதாஜியின் ஆட்சி இந்திய மண்ணில் முதன்முதலாகக் கொடியேற்றிய இடம் எது? அந்தமானில் கேட்டால், 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரின் ஜிம்கானா மைதானம் என்பார்கள். மணிப்பூரில் கேட்டால், 1944 ஏப்ரல் 14 அன்று கர்னல் ஷௌகத் மாலிக் கொடியேற்றிய மொய்ராங் என்பார்கள். தேதியைப் பார்த்தால் போர்ட் பிளேர் முந்தியது. தீவை விட்டுவிட்டு இந்தியப் பெருநிலம் என்று கணக்கெடுத்தால் மொய்ராங். இரண்டு ஊரும் தம் பெருமையை விட்டுக்கொடுக்காது. கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் போட்டியில், இரு இடங்களிலும் அதைவிட முக்கியமான விஷயங்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரையே முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே போகும் தமிழர்கள் ஏராளம். அங்கேயே தலைமுறைகளாக வாழும் தமிழர்களும் உண்டு. செல்லுலார் ஜெயிலைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 1906இல் கட்டி முடிக்கப்பட்டபோது ஏழு சிறகுகள், கிட்டத்தட்ட 700 தனிக்கொட்டடிகள். இன்று எஞ்சியிருப்பவை மூன்று சிறகுகள். செக்கு இழுத்தது, கசையடி, தூக்குமேடை என்று பிரிட்டிஷ் கொடுமைகள் விரிவாகச் சொல்லப்படுகின்றன. சொல்லப்பட வேண்டியவைதான்.

ஆனால் 1942 மார்ச் 23 முதல் 1945 வரை அந்தச் சிறையின் சாவி ஜப்பானியர் கையில் இருந்தது. உளவாளிகள் என்ற சந்தேகத்தில் நூற்றுக்கணக்கான உள்ளூர் இந்தியர்களை அதே கொட்டடிகளில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் திவான் சிங். மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர். அந்தமானில் இந்திய சுதந்திர லீகின் தலைவராகவே இருந்தவர். 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி போர்ட் பிளேருக்கு வந்து கொடியேற்றியபோது திவான் சிங் சிறைக்குள் இருந்தார். ஜப்பானியர் அந்தப் பக்கத்தை நேதாஜியின் கண்ணில் காட்டவில்லை. 1944 ஜனவரி 14 அன்று அவர் இறந்தார். கொடியேறி சரியாக ஒரு மாதம் கழித்து, ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 இந்தியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே குழியில் தள்ளப்பட்டார்கள். ஊருக்கு வெளியே அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. திவான் சிங் பெயரில் ஊருக்குள் ஒரு குருத்வாரா இருக்கிறது. டூர் கம்பெனிகளின் 'மூன்று நாள், நான்கு தீவு' பட்டியல்களில் இவை இரண்டும் சுலபத்தில் இடம் பெறுவதில்லை.

இதைச் சொல்வது நேதாஜியைச் சிறுமைப்படுத்தாது. உதவிக்கு வந்தவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தும் தெரியாமலும் ஒரு போரை நடத்த வேண்டியிருந்த மனிதரின் இக்கட்டு அது. அந்த இக்கட்டைச் சொல்லாத கைடு நமக்கு ஒரு சிலையைக் காட்டுகிறார். சொல்கிறவர் ஒரு மனிதரைக் காட்டுகிறார்.

அதே கொடியைத் தொடர்ந்து மணிப்பூருக்குப் போனால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1944இல் பர்மாவிலிருந்து சிந்துவின் ஆற்றைக் கடந்து இந்தியாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படையோடு ஐ.என்.ஏ.யும் வந்தது. எதிரே நின்ற படையிலும் பெரும்பான்மை இந்தியர்கள்தான். ஏப்ரல் 6 அன்று, இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றில் ஜப்பானியரை விரட்டும் முயற்சியில் ஜமேதார் அப்துல் ஹஃபீஸ் உயிர்விட்டார். ஜாட் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த அவருக்கு, பிரிட்டிஷ் ராணுவத்தின் உச்ச விருதான விக்டோரியா கிராஸ் இறந்த பிறகு வழங்கப்பட்டது. எட்டு நாள் கழித்து, இம்பாலுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில், லோக்டாக் ஏரிக்கரையிலுள்ள மொய்ராங்கில் ஷௌகத் மாலிக் மூவர்ணக் கொடியை ஏற்றினார். இரண்டு பேரும் இந்தியர்கள், இரண்டு பேரும் ராணுவ வீரர்கள். ஒருவர் எந்த அரசுக்காக உயிரைக் கொடுத்தாரோ, அந்த அரசை விரட்டத்தான் மற்றவர் வந்தார். இந்த இருவரில் யார் நம்மவர்?

மணிப்பூருக்கு அழைத்துப்போகும் எந்த கைடிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 'இரண்டு பேருமே' என்று சொல்லி, ஏன் என்று விளக்கத் தெரிந்தவர் கிடைத்தால் பேரம் பேசாமல் அமர்த்திக்கொள்ளலாம்.

அப்துல் ஹஃபீஸின் கல்லறை இம்பாலில் இந்திய ராணுவப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே 800க்கு மேற்பட்ட கல்லறைகள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் ஒவ்வொரு புல்லையும் வெட்டி, ஒவ்வொரு பெயரையும் துடைத்து வைத்திருக்கிறது. பதவி பார்த்துக் கல்லின் அளவு மாறாது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. இந்த ஆணையத்தின் தோட்டங்களில் பெயர்ப் பதிவேடும் வைத்திருப்பது வழக்கம். எடுத்துப் பார்த்தால், அன்றைய மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போனவர்களின் பெயர்களையும் தேடலாம். தன் ஊர்க்காரர் ஒருவரின் பெயரை அங்கே கண்டெடுப்பவர், அடுத்த அரை மணி நேரம் பேச மாட்டார்.

ஐ.என்.ஏ.யில் இறந்தவர்களுக்கு இப்படி ஒரு தோட்டம் இல்லை. இம்பால் போரில் ஈடுபட்ட சுமார் 6,000 ஐ.என்.ஏ. வீரர்களில், குண்டுபட்டு இறந்தவர்களைவிடப் பட்டினியாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம். பின்வாங்கும் வழியில் மழையில், பாதையோரத்தில் விழுந்தவர்கள். கல் நடக்கூட யாருமில்லை. பெயர்ப் பட்டியல் முழுமையாக இல்லை. சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களிலேயே இடித்துத் தள்ளினார்கள். அதே இடத்தில் 1995இல் சிங்கப்பூர் ஒரு நினைவுக்கல் வைத்தது. அன்று இடிக்கப்பட்ட சின்னத்தின் மறுபதிப்பு மொய்ராங்கில் நிற்கிறது. மொய்ராங் போகிறவர்கள் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் நேதாஜியின் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தச் சின்னத்தின் முன் நின்று, 'இது ஏன் நகல்?' என்று கேட்பவர்களுக்குத்தான் கதை கிடைக்கும்.

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சபலம் உண்டு. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஐ.என்.ஏ.யில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையிலிருந்த ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். தமிழ்ப் பயணிகள் என்று தெரிந்தால், ஜான்சி ராணிப் படை இம்பாலில் போரிட்டது என்று சொல்லி மகிழ்விக்க ஒரு கைடு ஆசைப்படலாம். அது உண்மையல்ல. அந்தப் படையின் ஒரு பிரிவு பர்மாவின் மேம்யோ வரை வந்து, இம்பால் விழுந்தால் உள்ளே நுழையக் காத்திருந்தது. இம்பால் விழவில்லை. அந்தப் பெண்களின் தைரியம் அதனால் குறைந்துவிடவில்லை. முகஸ்துதிக்காகச் சேர்க்கப்படும் ஒரு வரி, உண்மையான தியாகத்தையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும். நம்மைப் புகழும் கைடிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

தமிழர்களுக்கு அங்கே வேறொரு நிஜமான தடம் இருக்கிறது. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவே இந்தியாவுக்குத் தப்பி வந்தார்கள். தமு வழியாக மலையேறி இம்பால் வந்த பாதை அதில் முக்கியமானது. வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களில் தமிழர்கள் பலர். இரண்டு வருடம் கழித்து அதே பாதையில்தான் படைகள் மோதின. 1960களில் பர்மாவிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் சிலர், திரும்பிப் போக முயன்று முடியாமல், அந்தப் பாதையின் எல்லை ஊரான மோரேயில் தங்கிக் கோயில் கட்டிக் குடியேறினார்கள். போர் வரலாறு என்றால் தளபதிகள் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரே சாலை நல்ல பாடம்.

அப்படியானால், அந்த மண்ணிலேயே இருந்த ஜனங்கள்? இரண்டு பேரரசுகளின் சண்டை அவர்கள் வீட்டு வாசலில் வந்து நடந்தது. மணிப்பூர்க்காரர்கள் அதை 'ஜப்பான் லான்' என்பார்கள். ஜப்பான் யுத்தம் என்று அர்த்தம். 1942 மே 10 அன்றே இம்பால் மீது குண்டு விழுந்தது. கோஹிமாவில் நாகர்கள் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களை மலைச்சரிவில் சுமந்து இறக்கினார்கள். அவர்களுடைய கிராமம் தரைமட்டமானது. இந்தக் கதையைப் பல வருடம் யாரும் காட்சிக்கு வைக்கவில்லை. பிறகு மணிப்பூரில் சில ஆர்வலர்கள், சம்பளமில்லாமல், குன்று குன்றாக ஏறி மண்ணைத் தோண்டித் துருப்பிடித்த தோட்டாக்களையும் தலைக்கவசங்களையும் சேகரித்தார்கள். போர் முடிந்து 75 வருடம் ஆன 2019 ஜூனில், ஜப்பானிய உதவியோடு, இம்பாலுக்குத் தெற்கே ரெட் ஹில் அடிவாரத்தில் இம்பால் அமைதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ஜப்பான் எழுப்பிய நினைவிடமும் இருக்கிறது. இந்தப் போரில் இறந்த ஜப்பானியர் சுமார் 30,000 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் பசியிலும் நோயிலும் மடிந்தவர்கள்.

கோஹிமாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கோனோமா என்ற கிராமம். நாகர் விடுதலை இயக்கத்தின் தலைவர் ஃபிஸோ பிறந்த ஊர். அங்கே 1879இல் பிரிட்டிஷாரை எதிர்த்த கோட்டை மதிலையும் காட்டுவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்தை எதிர்த்து இறந்தவர்களின் நினைவுக்கல்லையும் காட்டுவார்கள். தென்னிந்தியாவிலிருந்து போகும் பயணிக்கு இரண்டாவது கல்லின் முன் கொஞ்சம் தர்மசங்கடமாக இருக்கும். இருக்கட்டும். உள்ளூர்க்காரர் சொல்வதை முழுதாகக் கேட்டுக்கொள்வதால் யாருடைய தேசபக்தியும் தேய்ந்துவிடாது. அதே மாலை கோஹிமாவில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி யாராவது கிடைத்தால் அவரிடமும் கேட்கலாம். பெல்ஃபாஸ்ட் வாசலை நாமே நமக்குத் திறந்துகொள்வது போலத்தான்.

இரண்டு கைடுகள் வேண்டும் என்பது மணிப்பூரில் ஒரு கட்டத்தில் யோசனையாக இல்லாமல் நிர்ப்பந்தமாகவே ஆகிவிட்டது. 2023 மே மாதம் மெய்தேய் - குகி மக்களிடையே வெடித்த மோதலில் 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். பள்ளத்தாக்கைச் சேர்ந்த கைடு மலைக்குப் போக முடியாது, மலையைச் சேர்ந்தவர் பள்ளத்தாக்குக்கு வர முடியாது என்ற நிலை வந்தது. 1944ஆம் வருடப் போர்க்களங்கள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. மொய்ராங் பள்ளத்தாக்கில் இருக்கிறது. தமு சாலையின் கடும் சண்டைகள் நடந்த ஷேனம் கணவாய் மலையில் இருக்கிறது. ஜப்பானியரும் பிரிட்டிஷாரும் ஒரே மேடையில் கைகுலுக்கிய மண்ணில், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவர் எல்லையை மற்றவர் தாண்ட முடியாமல் நின்றார்கள். நவீன வரலாறு என்பது முடிந்துபோன கதை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, இப்படிப்பட்ட பயணத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் கைடை எங்கே தேடுவது? ஹோட்டல் வரவேற்பறையில் அல்ல. அங்கே கமிஷன்தான் பேசும். முதலில் உள்ளூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்; பொறுப்பாளரிடம் 'இந்த ஊரில் இதைப் பற்றி உண்மையில் தெரிந்தவர் யார்?' என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். அடுத்து உள்ளூர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அரை நாள் உங்களோடு வரச் சம்மதித்தால் அதைவிட அதிர்ஷ்டம் இல்லை. மூன்றாவது, முன்னாள் ராணுவத்தினர் சங்கம். சண்டை எப்படி நடந்தது, துப்பாக்கி எந்தத் திசையில் இருந்தது என்பதை அவர்கள் சொன்னால்தான் மேடு மேடாகத் தெரியாமல் போர்க்களமாகத் தெரியும். நான்காவது, கிராமத்துப் பெரியவர்கள். தேதிகளில் பிசகு இருக்கலாம். ஆனால் அரிசி மூட்டையை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது அவர்கள் வீட்டில்தான் தெரியும்.

அமர்த்துவதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். இந்த இடத்தில் தோற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? இங்கே குடியிருந்த ஜனங்களுக்கு என்ன ஆயிற்று? நீங்கள் சொல்வது உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் இரண்டுக்கும் பதில் இல்லாதவர் பாதிக் கதை சொல்கிறார். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்காமல், இது ஆவணத்தில் இருக்கிறது, இது என் பாட்டி சொன்னது, இது ஊர்ப் பேச்சு என்று பிரித்துச் சொல்கிறவர்தான் நல்ல கைடு. அவருக்குக் கொடுக்கும் பணத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க மலையேறிக் கதை சொல்கிறவருக்கு, டாக்ஸிக்குக் கொடுப்பதில் பாதிகூடக் கொடுக்காமல் நன்றி சொல்லிவிட்டு வருவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். இந்தத் தொழிலில் பிழைக்க முடியும் என்று தெரிந்தால்தான் அடுத்த இளைஞர் அதற்கு வருவார்.

சில நடைமுறை விஷயங்களும் உண்டு. நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் வெளிமாநில இந்தியர்கள் இன்னர் லைன் பெர்மிட் வாங்க வேண்டும். புறப்படுவதற்கு முன் சாலை நிலவரத்தை, அந்தந்த மாவட்டத்தில் இருப்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. டெல்லியில் இருப்பவர் சொல்வது உதவாது. ராணுவ முகாம்களின் பக்கம் கேமராவை நீட்ட வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் பிக்னிக் போடுவதும், கல்லின் மேல் சாய்ந்து படம் எடுப்பதும் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

பள்ளிக்கூடங்களின் சுற்றுலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடாவருடம் பிள்ளைகளை ரயிலேற்றி டெல்லிக்கும் அந்தமானுக்கும் அழைத்துப்போகிறார்கள். அரண்மனையையும் சிறைச்சாலையையும் காட்டுகிறார்கள். ஹம்ஃப்ரிகஞ்ச் நினைவிடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பயணத் திட்டம் ஒன்றும் குலைந்துவிடாது. 'நம்மை விடுவிக்க வந்தவரின் நண்பர்கள் ஏன் நம்மவர்களைச் சுட்டார்கள்?' என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும். ஆசிரியருக்குச் சட்டென்று பதில் வராது. பதில் வராத இடத்திலிருந்துதான் பிள்ளைகளுக்கு வரலாறு பாடமாக இல்லாமல் வரலாறாகத் தொடங்கும். வெறும் பெருமையை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னால் ஒரு நாள் யாரோ மறுபக்கத்தைச் சொல்லும்போது, முதலில் கேட்டதையும் சேர்த்து நம்ப மறுத்துவிடும்.

அப்துல் ஹஃபீஸுக்குக் கல்லறை இருக்கிறது, பெயர் இருக்கிறது. பின்வாங்கும் பாதையில் விழுந்த ஐ.என்.ஏ. வீரருக்கு இரண்டும் இல்லை. ஹம்ஃப்ரிகஞ்ச் குழியில் கிடந்தவர்களை நினைக்க ஒரு மேடை உண்டு. போய் நிற்க ஆட்கள் குறைவு. இவர்கள் யாருக்கும் இனி அரசாங்கம் புதிதாக எதுவும் செய்துவிட முடியாது. அந்த ஊர்களுக்குப் போகிறவர்கள் கேட்டால், சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்பது நின்றால், சொல்வதும் நின்றுவிடும்.